விடியோ விளையாட்டுக்கு என்ன விலை வைப்பது?

குண்டலுபேட்டையில் காய்கறி, பூ மண்டி ஒன்றில் 32 ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். விலை என்றால் என்ன என்பதை எனக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் நினைத்துக் கொண்டிருந்தேன். அந்த நினைப்பைக் கலைத்தவன் என் மகள் வயிற்றுப் பேரன்.

மைசூரில் பொறியியல் படிக்கும் அவனும், உடன் படிக்கும் இரண்டு பையன்களும் சேர்ந்து ஒரு கணிப்பொறி விளையாட்டைச் செய்திருக்கிறார்கள். ஆட்டம் நடக்கும் இடம் நம் ஊர்தான். செண்டுமல்லியும் தக்காளியும் ஏற்றிய லாரி ஒன்று குண்டலுபேட்டையில் புறப்பட்டு, பந்திப்பூர்க் காட்டு வழியாக வயநாடு போய்ச் சேர வேண்டும். 2009 முதல் அந்தச் சாலையில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை இருப்பது நமக்கெல்லாம் தெரியும். கேட் மூடுவதற்குள் லாரி சாவடியைத் தாண்ட வேண்டும். வழியில் யானை நின்றால் விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஹாரன் அடித்தால் ஆட்டம் போச்சு. இவ்வளவுதான் கதை. சொன்னால் சிரிப்பு வரும். ஆடிப் பார்த்தால் மனம் படபடக்கிறது.

தீபாவளி விடுமுறைக்கு வந்தவன் என்னிடம், "தாத்தா, நீங்க கணக்குல புலி ஆச்சே, இதுக்கு என்ன விலை வைக்கலாம்னு சொல்லுங்க" என்றான். இது என்ன பிரமாதம் என்று நானும், "ஆன செலவைக் கூட்டு, உங்க கூலியைப் போடு, மேலே கொஞ்சம் லாபம் வை, அதுதாண்டா விலை" என்றேன். அவன் கேட்ட எதிர்க் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்: "அதை எத்தனையால வகுக்கறது தாத்தா?"

பதில் சொல்ல முடியவில்லை. அதற்குப் பிறகு சில மாதங்கள் இந்தத் தொழிலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைப் பற்றி இங்கே பேச்சில்லை. அவற்றை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டது. புத்தகம் வாங்குவதுபோல் ஒருமுறை விலை கொடுத்து வாங்கி, வீட்டில் வைத்து ஆடும் விளையாட்டுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

பூவுக்கும் ஆட்டத்துக்கும் உள்ள வேற்றுமை

முதலில் நமக்குத் தெரிந்த சரக்கிலிருந்து தொடங்குவோம். ஓணம் நெருங்கும்போது நம் வட்டாரச் செண்டுமல்லி கேரளத்துக்கு லாரி லாரியாகப் போகிறது. நாற்றுக்கும் உரத்துக்கும் எவ்வளவு செலவானது என்று வாங்க வருபவர் கேட்பதில்லை. வரத்து எவ்வளவு, தேவை எவ்வளவு என்பதை வைத்து விலை ஏறும், இறங்கும். ஆனாலும் அந்த இறக்கத்துக்கு ஓர் அடிமட்டம் உண்டு. பறிக்கும் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் கீழே விலை போனால் விவசாயி பூவைச் செடியிலேயே விட்டுவிடுகிறார். ஏனென்றால் ஒவ்வொரு கூடைக்கும் தனித்தனியே கைச்செலவு இருக்கிறது.

விளையாட்டில் அந்த அடிமட்டம் இல்லை. முதல் பிரதியைச் செய்து முடிக்கத்தான் அத்தனை செலவும். இரண்டாவது பிரதிக்கும் பத்து லட்சமாவது பிரதிக்கும் செய்தவருக்கு ஆகும் செலவு அநேகமாகப் பூஜ்யம். இன்று பெரும்பாலான ஆட்டங்கள் தட்டில்கூட வருவதில்லை. கம்பி வழியாக இறங்குகின்றன. ஆகவே, "ஒரு பிரதியின் அடக்க விலை என்ன?" என்ற மண்டிக் கேள்விக்கு அங்கே விடையே கிடையாது. ஆயிரம் பேர் வாங்கினால் ஓர் அடக்கம், பத்து லட்சம் பேர் வாங்கினால் வேறோர் அடக்கம். எத்தனை பேர் வாங்குவார்கள் என்பதோ விலையைப் பொறுத்தது. விலையைத் தெரிந்துகொள்ள எண்ணிக்கை வேண்டும். எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ள விலை வேண்டும். பேரன் என்னை மாட்டிவிட்டது இந்தச் சுழலில்தான்.

ஒரு பெரிய உதாரணத்தைப் பார்ப்போம். பெரிய நிறுவனங்கள் தங்கள் ஆட்டங்களின் பட்ஜெட்டை வெளியில் சொல்வதில்லை. 2023-இல் அமெரிக்க நீதிமன்ற வழக்கொன்றில் சோனி நிறுவனம் தாக்கல் செய்த ஆவணத்தில் மறைத்த எழுத்துகள் சரியாக மறையாமல் போனதால் இரண்டு எண்கள் வெளிவந்தன. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்துக்கு ஏறத்தாழ 22 கோடி டாலர்; 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' என்ற ஆட்டத்துக்கு 21 கோடியே 20 லட்சம் டாலர். முதலாவது 2020 ஜூனில் 60 டாலர் விலையில் வெளியானது. இந்தத் தொழிலில் விற்கும் கடை 30 சதவீதம் எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படி எடுத்தால் மீதி 42 டாலர். 22 கோடியை 42-ஆல் வகுத்தால் சுமார் 52 லட்சம் பிரதிகள். விளம்பரத்தைச் சேர்க்காமலே, போட்ட முதல் திரும்ப இத்தனை பேர் முழு விலை கொடுத்தாக வேண்டும். அந்த ஆட்டம் முதல் மூன்று நாளிலேயே 40 லட்சத்துக்கு மேல் விற்றது. எனவே தப்பித்தது.

இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. நான் கேள்வியைத் தலைகீழாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். செலவு நமக்கு விலையைச் சொல்லாது. ஒரு விலையை நாம் வைத்துக்கொண்டால், அந்த விலையில் எத்தனை பேர் வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லும். அத்தனை பேர் உலகத்தில் இருக்கிறார்களா என்பதைச் செலவு செய்வதற்கு முன்பே யோசிக்க வேண்டும். செய்து முடித்த பிறகு, "இவ்வளவு செலவாகிவிட்டது, ஆகவே இவ்வளவு கொடு" என்று வாங்குபவரிடம் கேட்பதில் நியாயம் இல்லை.

விலை செலவைக் காட்டிய காலம்

ஒரு காலத்தில் விளையாட்டின் விலை, செலவை ஓரளவு காட்டத்தான் செய்தது. 1990-களின் தொடக்கத்தில் ஆட்டங்கள் கேசட் வடிவில் வந்தன. அந்தப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் நினைவகச் சில்லு இருந்தது. பெரிய ஆட்டத்துக்குப் பெரிய சில்லு வேண்டும். சில்லுக்கு விலை அதிகம். அதனால் அமெரிக்கக் கடைகளில் ஒரே இயந்திரத்துக்கான ஆட்டங்கள் 40 டாலரிலும் இருந்தன, 70, 80 டாலரிலும் இருந்தன. 1994 டிசம்பரில் சோனி பிளேஸ்டேஷனை ஜப்பானில் வெளியிட்டபோது ஆட்டங்கள் தட்டுக்கு மாறின. தட்டு அடிக்க ஆகும் செலவு சில்லோடு ஒப்பிட்டால் அற்பம். விலைகள் இறங்கி 50 டாலருக்குப் பக்கத்தில் ஒன்றுகூடின. 2005 வாக்கில் 60 ஆயிற்று, 2020-இல் 70, 2025 ஜூனில் நின்டெண்டோ தன் 'மரியோ கார்ட் வேர்ல்ட்' ஆட்டத்துக்கு 80 டாலர் வைத்தது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட், 'தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2' என்ற ஆட்டத்துக்கு 80 என்று அறிவித்து, எதிர்ப்பைப் பார்த்து, வெளிவருவதற்கு முன்பே 70-க்கு இறங்கியது.

ஏறிக்கொண்டே போகிறது என்று தோன்றும். ஆனால் 2005-இன் 60 டாலர், விலைவாசியைக் கணக்கில் எடுத்தால் 2025-இல் கிட்டத்தட்ட 100 டாலருக்குச் சமம். உண்மையில் ஆட்டம் மலிவாகிவிட்டது; செய்யும் செலவோ பல மடங்கு பெருகிவிட்டது. இடைவெளியை நிரப்பியது வாங்குவோரின் எண்ணிக்கை. அது போதாதபோது ஆட்டத்துக்குள்ளேயே கடை திறந்து உடை, ஆயுதம் என்று விற்கிறார்கள். நம் ஊரில் டிக்கெட் விலை குறைவு, உள்ளே போனால் சோளப்பொரி விலை அதிகம் என்பதைப் போலத்தான்.

கேசட் என்றதும் ஒரு பழைய நினைவு. 1996 வாக்கில் என் மகன் அடம்பிடித்து, மைசூரில் ஒரு கடையில் மஞ்சள் நிறக் கேசட் ஒன்று வாங்கினான். '999 ஆட்டங்கள்' என்று மேலே அச்சிட்டிருந்தது. பக்கத்தில் 4 ஆட்டங்கள் கொண்ட கேசட்டும் அதே விலைக்கு இருந்தது. கணக்குப்பிள்ளையான நான் வகுத்துப் பார்த்து, 999-தான் லாபம் என்று சொல்லி வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஏழே ஆட்டங்கள், பெயரையும் வேகத்தையும் மாற்றி மாற்றித் திரும்ப வந்தன. என் மகன் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவான். எண்ணிக்கையை வைத்து மதிப்புப் போடுவது எவ்வளவு தவறு என்பதற்கு என் வீட்டு அலமாரியிலேயே சாட்சி இருக்கிறது.

சினிமா டிக்கெட் சொல்லும் பாடம்

பட்ஜெட்டுக்கு ஏற்ற விலை என்ற யோசனை நமக்குப் புதிதல்ல. சினிமாவில் அரசாங்கமே அதைச் செய்து பார்த்திருக்கிறது. 2022 மார்ச்சில் ஆந்திரப் பிரதேச அரசு ஓர் ஆணை போட்டது. 100 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் எடுத்த படங்களுக்கு முதல் 10 நாள் கூடுதல் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அதே மாதம் வெளியான 'ஆர்.ஆர்.ஆர்.' படத்துக்கு டிக்கெட்டுக்கு 75 ரூபாய் கூட்டி வாங்க அனுமதி கிடைத்தது.

அந்த ஆணையில் ஒரு நிபந்தனை என்னைக் கவர்ந்தது. 100 கோடியைக் கணக்கிடும்போது நாயகன், நாயகி, இயக்குநர் ஆகியோரின் சம்பளத்தைச் சேர்க்கக் கூடாது. எழுதிய அதிகாரி யாரோ, விஷயம் தெரிந்தவர். செலவு எல்லாம் திரையில் தெரிவதில்லை என்பது அவருக்குப் புரிந்திருக்கிறது. 50 கோடி சம்பளம் என்பதும் பட்ஜெட்தான். ஆனால் அரங்கம், உடை, சண்டை, பின்னணி வேலை என்று பார்ப்பவர் கண்ணுக்கு வந்து சேரும் தரம் வேறு. பட்ஜெட் என்பது போட்ட பணம். தயாரிப்புத் தரம் என்பது கைக்கு வந்த பொருள். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்வதால்தான் விலைத் தகராறுகளில் பாதி வருகின்றன.

நம் கர்நாடகத்தில் இதற்கு நேர் எதிரான வழியில் போனார்கள். 2025 செப்டம்பரில் மாநில அரசு எந்தப் படமானாலும், எந்தத் திரையரங்கானாலும் வரி நீங்கலாக 200 ரூபாய்க்கு மேல் டிக்கெட் கூடாது என்று விதி செய்தது. 75 இருக்கைக்கு உட்பட்ட சொகுசு அரங்குகளுக்கு மட்டும் விலக்கு. அதே மாதம் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஏழை வீட்டுப் பிள்ளையும் படம் பார்க்க வேண்டும் என்ற நல்லெண்ணம் அதில் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உச்சவரம்பு ஒன்று வைத்தால் எல்லோரும் அந்த உச்சத்திலேயே போய் உட்கார்ந்துகொள்கிறார்கள் என்பதையும் பார்க்கிறோம். புதுமுகம் எடுத்த சிறு படத்துக்கும் அதே விலை, பெரிய நட்சத்திரத்தின் படத்துக்கும் அதே விலை என்றால், கையில் ஒரு டிக்கெட்டுக்கான காசு மட்டும் வைத்திருப்பவர் எதற்குப் போவார்? சிறு படம்தான் அடிபடும்.

விளையாட்டுத் தொழிலில் இந்த ஒரு விஷயத்தில் நிலைமை தேவலை. 5 டாலரிலிருந்து 80 டாலர் வரை படிப்படியாக விலைகள் உள்ளன. சிறியவர் குறைந்த விலையோடு வந்து தன் பக்கத்தை விரிக்க இடம் இருக்கிறது.

பணம் போட்டால் தரம் வருமா?

2024 ஆகஸ்ட் 23-இல் சோனி 'கன்கார்ட்' என்ற ஆட்டத்தை 40 டாலருக்கு வெளியிட்டது. பல ஆண்டுகள், பெரிய குழு, படத்துக்கு நிகரான காட்சிகள். வாங்க ஆள் வரவில்லை. செப்டம்பர் 6-ஆம் தேதி, இரண்டே வாரத்தில், ஆட்டத்தை நிறுத்திவிட்டு வாங்கியவர்களுக்கெல்லாம் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஸ்டூடியோவையே பிறகு மூடிவிட்டார்கள். அதே வகை ஆட்டங்கள் சில இலவசமாகக் கிடைக்கும் சந்தையில் அது வந்து நின்றதுதான் முக்கியக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

2025 ஏப்ரலில் பிரான்ஸ் நாட்டின் மோன்பெலியே நகரத்திலிருந்து, முப்பது பேர் அளவுள்ள குழு ஒன்று, வெளியாட்கள் சிலரின் உதவியோடு, 'கிளேர் அப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33' என்ற ஆட்டத்தை 50 டாலருக்குக் கொண்டுவந்தது. பார்ப்பவர்கள் அதை 70 டாலர் ஆட்டங்களோடு ஒப்பிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற பரிசையும் அதுவே பெற்றது.

இன்னொன்று, அதே 2025-இன் செப்டம்பர் 4-இல் வந்த 'ஹாலோ நைட்: சில்க்சாங்'. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் மூன்று பேர் கொண்ட சிறு குழுவின் வேலை. விலை 20 டாலர். வெளியான நேரத்தில் கூட்டம் தாங்காமல் விற்பனைத் தளங்களே நின்றுபோயின. வாங்கியவர்களுக்குக் கொண்டாட்டம். ஆனால் சிறு குழுக்கள் சிலருக்குக் கவலை: இவ்வளவு பெரிய வேலைக்கே 20 டாலர் என்றால், நாளைக்கு எங்கள் 20 டாலர் ஆட்டத்தைப் பார்த்து "இதுக்கா?" என்று கேட்பார்களே! அந்தக் கவலை நியாயமானது. சில்க்சாங் குழுவினரின் முந்தைய ஆட்டம் ஒன்றரைக் கோடிப் பிரதிகள் விற்றது. அவர்களுக்குக் குறைந்த விலை கட்டும். மண்டியில் பெரிய தோட்டக்காரர் ஒருவர் விலையை இறக்கி அடித்தால் அரை ஏக்கர்க்காரர் வயிற்றில் புளி கரைவதை நான் பலமுறை நேரில் பார்த்திருக்கிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ஆனாலும் கரைகிறது.

வெண்பாவும் ஒன்றரை மணி நேரமும்

தமிழர்கள் நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளக்கூடிய ஆட்டம் ஒன்று உண்டு. பெயரே 'வெண்பா'. கனடாவின் டொரொண்டோவிலிருந்து விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலை 31-இல் வெளியிட்டது. 1988-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே பிறந்து தமிழிலிருந்து விலகிப் போகும் மகன் கவின் ஆகியோரின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்பேட்டில் பல வரிகள் அழிந்து போயிருக்கும். இட்லி, புட்டு, பிரியாணி என்று ஒவ்வொன்றையும் நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். பின்னணியில் நம் பழைய திரையிசையின் சாயலில் பாட்டுகள். சண்டை இல்லை, துப்பாக்கி இல்லை. பேரன் ஆடிக் காட்டியபோது, புட்டுக் குழலில் மாவும் தேங்காயும் அடுக்கும் வரிசையில் அவன் தடுமாற, பின்னால் நின்ற என் மனைவி திருத்திக் கொடுத்தாள். அவள் கணிப்பொறி பக்கம் வந்தது அன்றுதான்.

2024-இல் இங்கிலாந்தின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக ஆட்டம் என்ற பரிசு அதற்குக் கிடைத்தது. விலை 15 டாலர். ஆடி முடிக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்.

இங்கேதான் விவகாரம். மணிக்கு இத்தனை டாலர் என்று வகுத்துப் பார்ப்பவர்களுக்கு வெண்பா விலை அதிகமாகத் தெரியும். நூறு மணி நேரம் ஓடும் ஆட்டங்கள் 60 டாலருக்குக் கிடைக்கின்றனவே என்பார்கள். அவர்கள் என்னுடைய 999 கேசட் கணக்கைத்தான் போடுகிறார்கள். நூறு மணி நேர ஆட்டங்களில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்து நேரத்தை நீட்டியவை நிறைய உண்டு. நம் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்ப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சிறு ஆட்டக்காரருக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. கணிப்பொறி ஆட்டங்கள் விற்கும் பெரிய கடையான ஸ்டீம், 2015 முதல் ஒரு வசதி கொடுக்கிறது. வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், காரணம் கேட்காமல் பணத்தைத் திருப்பித் தருவார்கள். சரியில்லாத ஆட்டத்தை வாங்கி ஏமாந்தவருக்கு இது நல்ல பாதுகாப்பு. நான் இதை வரவேற்கிறேன். ஆனால் ஒன்றரை மணி நேர ஆட்டத்தை முழுதும் ரசித்து முடித்துவிட்டுப் பணத்தையும் திரும்ப வாங்கிக்கொள்ள இதில் வழி இருக்கிறது. 2021-இல் 'சம்மர் ஆஃப் 58' என்ற குறுகிய ஆட்டத்தைச் செய்த ஒருவர், நல்ல விமரிசனங்கள் வந்தும் திருப்புதல்கள் மிகுந்ததால் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தார். ஓட்டலில் கடைசி வாய் வரை சாப்பிட்டுவிட்டுச் சாப்பாடு சின்னது என்று காசு கொடுக்காமல் போவதை நாம் ஒப்புக்கொள்வோமா?

ரூபாயில் பார்த்தால்

இதுவரை டாலரிலேயே பேசிவிட்டேன். வாங்குபவர் எந்த ஊர்க்காரர் என்பதும் விலையில் சேர வேண்டிய விஷயம். ஸ்டீம் 2015 நவம்பரில் ரூபாயில் விற்கத் தொடங்கியது. செய்தவர் விரும்பினால் இந்தியாவுக்கு டாலர் மாற்று விகிதத்தைவிடக் குறைவாக விலை வைக்கலாம். மாறாக, பிளேஸ்டேஷன் 5-க்கு வந்த பெரிய ஆட்டங்களுக்கு இங்கே 4,999 ரூபாய் என்று வைத்தார்கள். அமெரிக்கரின் 70 டாலருக்கு அது ஏறத்தாழ ஈடு. ஆனால் அமெரிக்கரின் சம்பளத்துக்கும் நம் சம்பளத்துக்கும் ஈடு உண்டா? 4,999 ரூபாய் நம்மில் பலருக்கு ஒரு மாத மளிகை.

இரண்டாவது பிரதிக்குச் செலவில்லை என்று முன்பு பார்த்தோம் அல்லவா? அதனால்தான் ஊருக்கு ஊர் வேறு விலை வைப்பது இந்தத் தொழிலில் சாத்தியமாகிறது. இந்தியரிடம் குறைத்து வாங்குவதால் செய்தவருக்கு நஷ்டமில்லை; வாங்காதவர் ஒருவர் வாங்குகிறார் என்றால் அது கூடுதல் வரவே. ஒரே ஆபத்து, விலை குறைந்த இடத்தைத் தேடி வெளியூர்க்காரர் வந்துவிடுவது. டீசல் நம் பக்கம் மலிவு என்று வயநாட்டு வண்டிகள் குண்டலுபேட்டை பங்குகளில் நிரப்பிக்கொண்டு போவதைத் தினமும் பார்க்கிறோம். அதேபோல் அர்ஜென்டினா, துருக்கி நாடுகளின் கணக்கில் நுழைந்து வெளிநாட்டார் மலிவாக வாங்குவது பெருகிற்று. பணவீக்கத்தில் அந்த நாணயங்களும் ஆட்டம் கண்டன. 2023 நவம்பரில் ஸ்டீம் அங்கே உள்நாட்டு நாணயத்தையே நிறுத்தி டாலருக்கு மாற்றிவிட்டது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஒரே இரவில் விலை பல மடங்கானது.

லாரி ஆட்டத்தின் கணக்கு

இனிப் பேரனுக்கு நான் எழுதிக் கொடுத்த கணக்கு. சங்கத்து இளைஞர்கள் யாராவது இப்படி ஏதேனும் செய்தால் உதவும் என்று அப்படியே தருகிறேன்.

மூன்று பையன்கள், 14 மாதம், மாதத்துக்கு 25 நாள், நாளுக்கு 2 மணி நேரம். ஆளுக்கு 700 மணி. மூவருக்கும் 2,100 மணி. "எங்களுக்கு எதுக்கு தாத்தா கூலி, ஆசைக்குத்தானே செஞ்சோம்" என்றார்கள். நான் விடவில்லை. தன் வீட்டார் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் லாபம் வந்ததாக நினைத்துக்கொள்ளும் விவசாயிகளை நிறையப் பார்த்தவன் நான். மணிக்கு 100 ரூபாய் என்று குறைந்த கூலியே போட்டேன்: 2,10,000. கடைக்கு நுழைவுக் கட்டணம் 100 டாலர், சுமார் 9,000 ரூபாய். இசையும் ஒலிகளும் வாங்கியது 16,000. மின்சாரம், இணைய இணைப்பு 5,000. மொத்தம் 2,40,000 ரூபாய்.

விலை 249 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 18 சதவீத ஜி.எஸ்.டி. அடக்கம், அதை நீக்கினால் 211. கடைக்காரர் பங்கு 30 சதவீதம் போக, கையில் நிற்பது 148. கூலி இல்லாமல் கைக்காசு 30,000 திரும்ப 203 பேர் வாங்க வேண்டும். கூலியும் வர வேண்டுமானால் 1,622 பேர். விலையை 399 ஆக்கினால் கையில் 237 நிற்கும். 1,013 பேர் போதும். ஆனால் 399-க்கு அந்த 1,013 பேர் வருவார்களா?

அதைக் காகிதத்தில் கண்டுபிடிக்க முடியாது. ஆகையால் பொங்கல் கூடுகைக்கு மடிக்கணினியைக் கொண்டுவரச் சொல்லி, வந்தவர்களை ஆடவிட்டோம். ஆடி முடித்ததும் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து, இதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள், பெயர் போடாமல் எழுதுங்கள் என்றோம். ஆடுவதற்கு முன் கேட்டிருந்தால் பெரும்பாலோர் 50 என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆடிய பிறகு 200-இலிருந்து 300-க்குள் குவிந்தது. 1,000 என்று ஒரு காகிதம். கையெழுத்தைப் பார்த்ததும் என் மகள் என்று தெரிந்துவிட்டது, தள்ளிவிட்டோம். 20 என்று ஒரு சிறுவன் எழுதி, கீழே "யானை இன்னும் நல்லா வரையணும்" என்று சேர்த்திருந்தான். அதைத் தள்ளவில்லை. உண்மையிலேயே அந்த யானை பக்கவாட்டில் பார்த்தால் எருமை போலத்தான் இருந்தது. ஒரு மாதம் உட்கார்ந்து திரும்ப வரைந்தார்கள். அந்த ஒரு மாதக் கூலியைச் செலவில் எழுதினேன், விலையில் ஏற்றவில்லை. யானை எருமையாக இருந்தது வாங்குபவர் குற்றமில்லையே.

முதலில் விலையை 399 என்று வைத்து, மறுநாளே பாதியாகத் தள்ளுபடி போட்டு விற்கலாம் என்று ஒரு பையன் சொன்னான். பலர் அப்படித்தான் செய்கிறார்களாம். ஆடித் தள்ளுபடிக்கு ஆனியில் விலை ஏற்றும் ஜவுளிக்கடைத் தந்திரம் இது, வேண்டாம் என்றேன். விலையைப் பின்னால் இறக்கலாம், அதில் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஏற்றினால் கோபிப்பார்கள். முதல் நாள் முழு விலை கொடுத்து வாங்கியவர் ஒரே வாரத்தில் ஏமாந்தவராக உணரக் கூடாது. ஆகவே முதல் ஆறு மாதம் தள்ளுபடியே இல்லை என்று முடிவு செய்தோம்.

விலை 249 என்று வைத்தாயிற்று. ஆட்டத்தின் அறிமுகப் பக்கத்தில், முடிக்க இரண்டரை மணி நேரம் ஆகும் என்று முதல் வரியிலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். 1,622 பேர் வருவார்களா என்று தெரியாது. கூலி முழுதும் வராமல் போனால் என்ன செய்வது என்று கேட்டால், "அடுத்த ஆட்டத்தைச் சின்னதாப் பண்ணிக்கலாம் தாத்தா" என்கிறான் பேரன். அடுத்த ஆட்டத்துக்கு முதல் கணக்கை, ஒரு கோடு வரைவதற்கு முன்பே, என்னிடம் கொண்டுவருவதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறான்.